இரும்பைக் காத்தலும் கவர்தலும்

நோய் தாக்கிய உடல் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, தன்னிடமுள்ள இரும்பை ஒளித்துவைப்பது. தொற்று தொடங்கிய சில மணி நேரத்துக்குள் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் சிறு புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. குடலிலிருந்து குருதிக்குள் இரும்பு நுழையும் வழி அடைபடுகிறது. முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பை மீட்டெடுக்கும் விழுங்கணுக்கள், மீட்டதை வெளியே விடாமல் தம்முள் பூட்டிக்கொள்கின்றன. குருதியில் இரும்பின் அளவு சரிகிறது. ஆய்வக அறிக்கையைக் கையில் வாங்கும் உறவினர் இதைக் குறைபாடென்று எண்ணி அஞ்சுகிறார். சில வேளைகளில் மருத்துவரும் அவ்வாறே எண்ணி இரும்பு ஊசிக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார். உடல் காரணத்தோடு செய்த ஒன்றை நாம் பிழையென்று கருதித் திருத்தப் புகுகிறோம். மருத்துவமனைத் தொற்றுகளைப் பற்றி நாட்டில் நடக்கும் பேச்செல்லாம் மருந்துகளைச் சுற்றியே நடக்கிறது. மருந்து உள்ளே செல்லும் முன்பே நோயாளிக்கும் கிருமிக்கும் இடையே இரும்பின் பொருட்டு ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது என்பதும், அப்போரில் மருத்துவமனை அறியாமலே தலையிடுகிறது என்பதும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

வளர்ந்த மனிதரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் அடங்கியது. எஞ்சியதில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் சேமிப்பாக உறைகிறது. குருதியில் ஓடும் சிறிதளவு இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் இறுகப் பற்றிக்கொண்டே சுமக்கிறது. நலமுள்ள ஒருவரிடம் அந்தச் சுமைபுரதத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கே நிரம்பியிருக்கும். வெற்றிடமாகத் தோன்றும் மீதி, தப்பிவரும் இரும்பைப் பிடிப்பதற்காகக் காத்திருக்கும் இடம். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் மூச்சுக்குழல் சுரப்பிலும் லாக்டோஃபெரின் இதே காவலைச் செய்கிறது. இத்தனை கட்டுக்காவலுக்கும் பிறகு எவருடைய பிடியிலும் இல்லாமல் குருதியில் திரியும் இரும்பு, பாக்டீரியா பெருகுவதற்கு வேண்டிய அளவில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர்.

இந்தக் காவலின் முதல் தடயம் கிடைத்தது கோழிமுட்டையில். 1944-இல் ஆர்தர் ஷேட், லியோனா கரோலைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், முட்டையின் வெண்கரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதையும், இரும்பைச் சேர்த்ததும் அத்தடை நீங்கிவிடுவதையும் கண்டனர். இரண்டு ஆண்டுகளில் மனிதக் குருதியிலும் அத்தகைய பொருள் இருப்பதைக் காட்டினர். 1970-களில் யூஜின் வைன்பெர்க் இதனை ஊட்டம் மறுத்துக் காக்கும் எதிர்ப்பாற்றல் என்னும் கோட்பாடாக விரித்துரைத்தார். நஞ்சிட்டுக் கொல்வதற்கு முன் பட்டினியிட்டு ஒடுக்குவது உடலின் வழி.

கிருமிகளும் வாளாவிருப்பதில்லை. அவை சிடரோபோர் எனப்படும் இரும்புப்பற்றிகளைச் செய்து வெளியே அனுப்புகின்றன. அச்சிறு மூலக்கூறுகள் டிரான்ஸ்ஃபெரினின் பிடியிலிருந்தே இரும்பைப் பறித்துக்கொண்டு கிருமியிடம் திரும்புகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அலைக்கழிக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா செய்யும் பயோவெர்டின் பசுமஞ்சளாக ஒளிரும். இக்கிருமி பற்றிய புண்ணின் கட்டுத்துணியில் படியும் பச்சைச் சாயலில் இதற்கும் பங்குண்டு. கிளெப்சியெல்லா நிமோனியே என்டரோபாக்டினைச் செய்கிறது. உடல் அதை அடையாளம் கண்டு, சிடரோகாலின் என்னும் புரதத்தால் வழியிலேயே மடக்குகிறது. உடனே கிருமி அந்த மூலக்கூறின்மேல் குளுக்கோஸைப் பூசி, சிடரோகாலினின் பிடிக்குள் அடங்காத உருவில் அனுப்புகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் முரட்டு வழியை நாடுகிறது: சிவப்பணுக்களைத் துளைத்து உடைத்து, ஹீமோகுளோபினுக்குள் இருக்கும் ஹீம் என்னும் இரும்புக் கருவையே முழுதாக எடுத்துச் செல்கிறது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளென உலக நலவாழ்வு நிறுவனம் அஞ்சிப் பட்டியலிட்டவற்றுள் முன்னிற்கும் அசினெட்டோபாக்டர் பௌமானிக்கும் தனக்கெனச் செய்துகொண்ட இரும்புப்பற்றி உண்டு.

இவ்வளவும் தனித்து நீந்தும் கிருமியின் கதை. மருத்துவமனையில் நம்மைத் தோற்கடிப்பது அதன் குடியேற்றம். சிறுநீர் வடிகுழாய், மையச் சிரையில் செருகிய குழாய், செயற்கைச் சுவாசத்துக்காகத் தொண்டைக்குள் இறக்கிய குழாய், செயற்கை மூட்டு, இதய வால்வு ஆகிய எந்தப் புறப்பொருளின் மேலும் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. தம்மைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் மடிந்த உயிரணுக்கள் சிந்திய டி.என்.ஏ.வும் கலந்த கொழகொழப்பான உறையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. இதுவே உயிர்ப்படலம். அதற்குள் இருக்கும் கிருமி, தனித்து நீந்தும் அதே கிருமியைக் காட்டிலும் பத்து முதல் ஆயிரம் மடங்கு மருந்தைத் தாங்கும். உறை மருந்தைத் தாமதப்படுத்துவது ஒரு காரணம். அடியாழத்தில் இருப்பவை ஏறத்தாழ உறங்கிக் கிடப்பதும், வளரும் கிருமிகளையே கொல்லத் தெரிந்த மருந்துகள் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதும் அதைவிடப் பெரிய காரணம். மருந்து முடிந்து ஒரு கிழமையில் காய்ச்சல் திரும்பி வருவது இதனால்தான்.

தனித்து நீந்தும் கிருமி எப்போது குடியேற முடிவுசெய்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுக்கு எதிர்ப்பட்டது மறுபடியும் இரும்பே.

2002-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பிரதீப் சிங், மேத்யூ பார்செக், பீட்டர் கிரீன்பெர்க், மைக்கேல் வெல்ஷ் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் திருப்புமுனை. சூடோமோனாஸ் கிருமிகளை அவர்கள் லாக்டோஃபெரின் கலந்த நீர்மத்தில் விட்டனர். அந்த அளவு கிருமியைக் கொல்லவும் போதாது, அதன் வளர்ச்சியைத் தடுக்கவும் போதாது. ஆயினும் கிருமிகளின் நடத்தை மாறிவிட்டது. பரப்பில் ஒட்டியவை ஓரிடத்தில் தங்கிக் கூட்டம் சேரவில்லை. நுண்ணிழைகளால் தம்மை இழுத்து இழுத்துப் பரப்பெங்கும் அலைந்துகொண்டே இருந்தன. பிளவுற்றுப் பெருகிய பின்னும் சேய்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சென்றன. படலம் எழவே இல்லை. லாக்டோஃபெரினை முன்பே இரும்பால் நிரப்பிவிட்டால் இந்த விளைவு இல்லை; கிருமிகள் வழக்கம்போல் கூடிக் குடியமர்ந்தன. கண்ணிலும் மூக்கிலும் உடல் ஓயாமல் சுரக்கும் ஒரு புரதம், கிருமியைக் கொல்லாமலே அதனைக் குடியமரவிடாமல் விரட்டிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். கிருமியைக் கொன்றால்தான் வெற்றி என்று பழகிய மருத்துவ மனத்துக்கு இது எளிதில் ஏற்கக்கூடியதாக இருக்கவில்லை, இன்றும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து எகுட் பானின், மைக்கேல் வாசில், கிரீன்பெர்க் ஆகியோர் மேலும் ஒரு படி சென்றனர். பயோவெர்டின் வழியாக இரும்பைப் பெற இயலாத திரிபுக் கிருமிகள், நீர்மத்தில் இரும்பு போதிய அளவு இருந்தபோதும் மெலிந்த படலத்தையே அமைத்தன. வேறொரு வழியாக இரும்பை உள்ளே கொடுத்ததும் படலம் வழக்கம்போல் எழுந்தது. வெளியே எவ்வளவு இரும்பு கிடக்கிறது என்பதைவிட, உள்ளே எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையே கிருமி அறிகுறியாகக் கொள்கிறது என்று அவர்கள் கருதினர். அந்த அளவை உள்ளிருந்து பார்த்துச் சொல்லும் கணக்கரின் வேலையை ஃபர் என்னும் புரதம் செய்கிறது. இந்த ஆய்வில் மருத்துவர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. திரிபுக் கிருமிகளுக்கு மாற்றுவழியில் இரும்பைக் கொண்டுசேர்த்தவற்றுள் ஒன்று டெஸ்ஃபெரியாக்சமின். தலசீமியா நோயாளிகளின் உடலில் தேங்கும் மிகை இரும்பை வெளியேற்றக் கொடுக்கப்படும் மருந்து அது. மனிதனுக்கு இரும்பை அகற்றும் பொருளே கிருமிக்கு இரும்பு ஊட்டும் பொருளாகிறது. சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருந்தோருக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது கரும்பூஞ்சைத் தொற்று மிகுந்ததை 1980-களிலேயே மருத்துவ உலகம் கண்டிருந்தது. இரும்பைப் பிடிக்கும் எந்தப் பொருளும் கிருமியைப் பட்டினியிடும் என்று எண்ணுவது பேதைமை. பிடித்த இரும்பைக் கிருமியால் மீட்க இயலுமா என்பதே கேள்வி.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை எளிது: இரும்பு மிகுந்தால் படலம், குறைந்தால் படலமில்லை. செய்தித்தாள்களுக்கும் அது வசதி. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் இனம் இந்த வசதியைக் குலைக்கிறது. செயற்கை மூட்டுகளிலும் சிரைக்குழாய்களிலும் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், இரும்பு குறைந்த சூழலில்தான் தன் கொழகொழப்பு உறையை மிகுதியாகச் சுரக்கிறது என்று 1993-இலேயே அறியப்பட்டது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் இரும்புப் பஞ்சத்தில் ஒட்டும் புரதங்களைப் பெருக்கிப் படலம் அமைக்கிறது. இரும்பைச் சேர்த்தால் அது தளர்கிறது. இவ்வகையில் நடந்த ஆய்வுகள் 2005-க்குப் பின் தொடர்ச்சியாக வெளிவந்தன. சூடோமோனாஸிடமும் இரும்பை அளவு கடந்து கொட்டினால் படலம் வளராமல் குலைவதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஒரு கிருமிக்குக் குடியேற அழைப்பாக இருப்பது மற்றொன்றுக்கு அலைந்து திரிய உத்தரவாகிறது. உள்நுழைந்த இடம் மனித உடல்தான் என்பதை ஸ்டாஃபிலோகாக்கஸ் இரும்புப் பஞ்சத்தைக் கொண்டே உணர்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது. எனவே ஒரே நோயாளியின் ஒரே குழாயில் சூடோமோனாஸும் ஸ்டாஃபிலோகாக்கஸும் சேர்ந்து குடியிருக்குமானால், இரும்பைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்று எவரும் உறுதி கூற முடியாது. இரும்பைப் பற்றி மேடையேறி முழங்குவோர் இதனை மறைத்துவிடக் கூடாது.

இந்நிலையில் மருத்துவமனை எதைச் செய்யலாம்? உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். குடியேற ஒரு பரப்பு வேண்டும். சிறுநீர் வடிகுழாய் பொருத்தியவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 7 விழுக்காடு வரை சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு உண்டு. ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லாருக்கும் சேர்ந்துவிடும். வடிகுழாய் இன்று இவருக்குத் தேவையா என்று காலைதோறும் ஒரு செவிலியர் கேட்டு, தேவையில்லையெனில் அகற்றும் அதிகாரம் அவருக்கு இருக்குமானால், அதைவிடச் சிறந்த படலத்தடுப்பு இன்று எவரிடமும் இல்லை. நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எளிய பரிந்துரையின் பாரம் புரியும்.

அடுத்தது குருதி. நெடுநாள் குளிரறையில் வைத்த சிவப்பணுக்களில் ஒரு பகுதி, ஏற்றிய சில மணி நேரத்தில் சிதைகிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் நலமுள்ள தன்னார்வலர்களுக்கு அவர்களுடைய குருதியையே ஆறு வாரம் சேமித்து ஏற்றிப் பார்த்தபோது, எப்புரதத்தின் பிடியிலும் அடங்காத இரும்பு அவர்கள் குருதியில் தோன்றியது. அந்த ஊனீரில் ஈ.கோலை கிருமி சோதனைக்குழாயில் விரைந்து வளர்ந்தது. பழைய குருதியை ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 2015-லும் 2016-லும் வெளிவந்த பெரும் மருத்துவச் சோதனைகளில், புதுக் குருதி பெற்றோர் பழங்குருதி பெற்றோரைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. சோதனைக்குழாயின் முடிவை நோயாளியின் படுக்கைக்கு நேராகக் கொண்டுவருவது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இதுவே சான்று. அதே வேளையில், தேவையை இறுக்கமாக வரையறுத்துக் குறைவாகக் குருதி ஏற்றியோரிடம் மருத்துவமனைத் தொற்று குறைந்திருந்ததை 2014-இல் பல சோதனைகளைத் திரட்டிய ஆய்வு காட்டியது. ஆகவே நம் கவலை குருதியின் வயதைவிட அதன் தேவையைப் பற்றியதாக இருக்கட்டும்.

மூன்றாவது, இரும்பு ஊசி. 2013-இல் 75 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு, சிரைவழி இரும்பு பெற்றோருக்குத் தொற்று வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகக் கண்டது. பிரித்தானியாவில் சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருந்த 2,141 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையோ, தாராளமாக இரும்பு பெற்றவர்களுக்கும் சிக்கனமாகப் பெற்றவர்களுக்கும் தொற்றில் வேறுபாடு காணவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். உடலில் தீவிரத் தொற்று எரிந்துகொண்டிருக்கும் நாட்களில் இரும்பைக் குருதிக்குள் செலுத்தாமல் தள்ளிப்போடுவது அறிவுடைமை. தொற்றில்லாத நோயாளிக்கு இரும்பை மறுப்பது அறிவுடைமை ஆகாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டு ஒரு கருவுற்ற பெண் தன் இரும்பு மாத்திரையை எறிந்துவிடுவாரானால், நாம் எழுதியதைவிட எழுதாதிருந்தது நன்று. நாம் பேசுவது தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடக்கும் நோயாளியைப் பற்றி மட்டுமே.

நான்காவதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகையால் அதனிடம் சற்று நிற்போம். ஒருவருடைய சளியிலோ சிறுநீரிலோ கிருமி கிடைத்தால், அதை ஆய்வகத்தில் முல்லர்–ஹின்டன் வளர்ப்பூடகத்தில் ஓரிரவு வளர்த்து, எந்த மருந்துக்கு மடிகிறது என்று பார்க்கிறோம். 1941-இல் ஹார்வர்டில் மேகவெட்டை, மூளையுறை அழற்சி ஆகியவற்றின் கிருமிகளை வளர்ப்பதற்காக உருவான ஊடகம் அது. அதில் ஊட்டத்துக்குக் குறைவில்லை. கிருமி அங்கே தனித்து, உறையின்றி, வயிறாரத் தின்று வளர்கிறது. நோயாளியின் உடலிலோ அதே கிருமி இரும்புப் பட்டினியில், இரும்புப்பற்றிகளை வீசியபடி, குழாயின் உட்சுவரில் உறைக்குள் குடியிருக்கிறது. ஆய்வகம் ‘மருந்துக்கு மடியும்’ என்று எழுதித் தருவது முன்னதைப் பற்றி. மருத்துவர் எதிர்த்து நிற்பது பின்னதை. அறிக்கையில் எட்டு மருந்துகளுக்கு நேரே மடியும் என்றிருக்க, படுக்கையில் காய்ச்சல் தணியாதிருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். இதில் ஆய்வகத்தாரின் குற்றம் ஏதுமில்லை. உலகெங்கும் உள்ள விதிமுறையே அதுதான். ஒரே சீராக ஒப்பிட அது தேவையும்கூட. எனினும் அறிக்கை எதைச் சொல்லவில்லை என்பதை அதைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைப் புறக்கணிக்க முடியாதபடி ஆக்கிய மருந்தொன்று இப்போது வந்துள்ளது. செஃபிடெராக்கால் என்னும் அந்த மருந்தை ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கியது; 2019 நவம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதன் மூலக்கூறில் இரும்பைப் பற்றும் கரம் ஒன்று ஒட்டவைக்கப்பட்டுள்ளது. இரும்புக்கு ஏங்கும் கிருமி தன் வாயிலைத் திறந்து அதனைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேறெம்மருந்துக்கும் அடங்காத பல கிருமிகள் இதற்கு மடிகின்றன. ஆயினும் கார்பபெனெம் மருந்துக்கு அடங்காத கிருமிகளிடம் நடந்த சோதனையில், குறிப்பாக அசினெட்டோபாக்டர் தொற்றியோரிடையே, இம்மருந்து பெற்றவர்களில் இறந்தோர் கூடுதலாக இருந்தனர். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும், மருந்தைச் சிதைக்கும் என்.டி.எம். நொதியை உடைய கிருமிகளிடமும் இதன் வீரியம் குறைவதுண்டு. பாதுகாப்பாகச் சேமித்து, சோதித்தறிந்து, உரியவருக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து இது.

இரும்பின் உருவில் நுழையும் மற்றொரு பொருள் காலியம். இரும்பை ஒத்த உருவும் மின்னூட்டமும் கொண்ட அந்த உலோகத்தைக் கிருமி இரும்பென்று எண்ணி உட்கொள்கிறது. பயன்படுத்த இயலாமல் திணறுகிறது. 2007-இல் சூடோமோனாஸின் படலத்தைக் காலியம் தடுப்பதையும், படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்வதையும் காட்டினர். 2018-இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய் உடைய சிலரிடம் நடந்த முதற்கட்டச் சோதனை நம்பிக்கை தந்தது. அதற்குமேல் இன்று சொல்வதற்கில்லை.

செஃபிடெராக்காலுக்குத் திரும்புவோம், அது தமிழ்நாட்டின் வாசலுக்கு வந்துவிட்டது. வருவாய் குறைந்த நாடுகளுக்கு இம்மருந்தைக் கொண்டுசெல்ல ஷியோனோகியிடம் உரிமம் பெற்ற உலக நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வு மேம்பாட்டுக் கூட்டமைப்பு, அதனைச் செய்யும் பொறுப்பைச் சென்னையைச் சேர்ந்த ஆர்கிட் பார்மாவிடம் 2023-இல் அளித்தது. இம்மருந்தை நீர்மமுறையில் சோதிக்க முல்லர்–ஹின்டன் நீர்மத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள இரும்பை வடித்தெடுத்து, மில்லிலிட்டருக்கு 0.03 மைக்ரோகிராமுக்கு மிகாமல் குறைத்த பின்பே சோதிக்க வேண்டும் என்பது விதி. இரும்பு நிறைந்த நீர்மத்தில் கிருமி தன் வாயிலைத் திறக்காது, மருந்து உள்ளே போகாது, முடிவும் பொய்யாகும். வட்டில் வைத்துச் சோதிக்கும் எளிய முறை இருப்பினும், எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவுகளை அது தீர்த்துவைப்பதில்லை. ஆகவே இம்மருந்து கொள்முதலுக்கு வரும் நாளில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் குப்பிகளோடு இரும்பு நீக்கிய நீர்மத்தையும் அதே ஒப்பந்தத்தில் வாங்கி, அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள் அனைத்துக்கும் அனுப்ப வேண்டும். சோதனை முடிவு இல்லாத சீட்டுக்கு மருந்து வழங்கலாகாது என்று ஆணையிடவும் வேண்டும்.